சுவரில் இருப்பவள்

மின்சாரம் நின்றதும் வீடு என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. ஃப்ரிட்ஜின் முனகல், மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் போடுகிற டக், எதிர்வீட்டு மிக்ஸி, கீழே தண்ணீர் மோட்டார் எல்லாம் ஒரே மூச்சில் அடங்கிவிட, சுவர் இங்கே இருக்கிறது கதவு அங்கே இருக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருப்பவர்கள் அத்தனை பேரும் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போன மாதிரி இருந்தது. மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று நிறுத்துவார்கள், காலையில் போனால் சாயங்காலம்தான் வரும். இரண்டாவது சனிக்கிழமை, எனக்கு வங்கி விடுமுறை, அம்மா பொள்ளாச்சியில் பெரியம்மா மகளின் வளைகாப்புக்குப் போயிருந்தாள். "நீயும் வாயேன் சாமி" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். செருப்பை மாட்டிய பிறகு கூப்பிடுவது கூப்பிடுவது ஆகாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வயிற்றுப்பிள்ளைக்காரி என் முகத்தில் விழிக்கக் கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொல்லாமல் இருக்க அவர்கள் படுகிற பாடுதான் எனக்குக் கேட்கும். நாற்காலிகள் நகரும், யாராவது என் தோளைப் பிடித்து, இங்க காத்து நல்லா வருது கண்ணு, இங்க உக்காரு என்று ஓரமாகக் கொண்டுபோவார்கள். எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் எல்லாப் பிள்ளையும் கண்ணுதான், காய்கறிக்காரர்கூட வா கண்ணு என்பார், அதில் ஒன்றும் இல்லை. அம்மா மட்டும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் பிறந்து மூன்றாம் மாதம், இந்தப் பிள்ளைக்குப் பார்வை வராது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து நான் சாமி. அந்த வார்த்தையை அவள் எவ்வளவு கவனமாகத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறாள் என்பது, இருபத்தெட்டு வருஷம் கழித்து, இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

ஹாலில் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் சேலை சலசலக்கும், என் சுடிதார் சலசலக்காது, துண்டு வெயிலில் காய்ந்து மொடமொடவென்று இருக்கும், துணியிடம் எனக்குக் குழப்பமே கிடையாது. ஆனால் கழுத்துக்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள். இன்றைக்கு என்று இல்லை, அந்தப் படத்தைச் சுவரில் மாட்டியதிலிருந்தே ஹாலில் உட்கார்ந்தால் இப்படித்தான். நானே எனக்கு ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். வெறும் சுவரில் பெரிய கண்ணாடிச் சட்டம் ஒன்று வந்தால் சத்தம் கொஞ்சம் முன்னாலேயே திரும்பி வரும், வேறு மாதிரி திரும்பி வரும், அதைத்தான் என் காது ஆள் என்று எடுத்துக்கொள்கிறது, பழகிவிடும். பழகவில்லை. அப்பாவின் படம் மாட்டியிருந்த ஆணி அது. அப்பாவைப் படுக்கையறைக்கு மாற்றிவிட்டு அம்மா என்னை அங்கே மாட்டினாள். என்னை என்றா சொன்னேன். என் படத்தை. அந்தச் சென்னைப் பத்திரிகையில், புடவையும் நகையுமாகப் பக்கத்துக்குப் பக்கம் அழகிகள் வருகிற அந்தப் பத்திரிகையில், "உள்ளபடியே அழகு" என்று ஒரு சிறப்பிதழ் போட்டு, காலில்லாத ஒருத்தி, வெண்புள்ளிகள் உள்ள ஒருத்தி, பார்வையில்லாத நான் என்று முழுப்பக்கம் முழுப்பக்கமாக வந்தோமே, அந்தப் பக்கம். அம்மா கடைக்குப் போய்ப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாங்கி வந்தாள். எப்படிம்மா இருக்கு என்று நான் கேட்டபோது, "நல்லா வந்திருக்குது சாமி" என்றாள், அந்த "நல்லா"வைச் சொல்லும்போது அவள் குரல் ஒரு படி தவறியது, சந்தோஷத்தில் என்று நினைத்தேன். வங்கியில் கூட வேலை செய்கிற ஸ்டெல்லா கட்டுரையை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "சூப்பரா இருக்கு கோகி, யாருன்னே தெரியலை" என்றாள். அழகாக இருக்கிறது என்பதற்குத்தான் அப்படிச் சொல்வார்கள், கல்யாணப் பெண்ணைக்கூட யாருன்னே தெரியலை என்பார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் இப்போது திரும்ப வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"கேஸுங்க!" என்று கதவைத் தட்டினார்கள். வழக்கமாக வருகிற பழனிச்சாமி அண்ணன் இல்லை, குரல் புதிது, வயசாளி, மூன்று மாடி ஏறிய மூச்சு. கதவைத் திறந்துவிட்டு நேராகப் போய் இடது பக்கம் சமையலறை என்று சொன்னேன். அவர் சிலிண்டரை விளிம்பில் உருட்டிக்கொண்டு போகிற சத்தம் ஹாலின் நடுவில் கொஞ்சம் மெதுவானது. பிறகு சமையலறை. பழைய சிலிண்டரோடு திரும்பி வரும்போது, "அம்மிணி, போட்டோவுல இருக்கறது உங்க தங்கச்சிங்களா?" என்று கேட்டார். ஏனுங்க என்றேன். "இல்லீங்க, மூக்கு வாயி எல்லாம் உங்களாட்டவே இருக்குது, அதுனால கேட்டனுங்க." அது நாந்தானுங்க, பத்திரிகைல வந்துதுங்க என்றேன், கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருப்பேன். உருளுகிற சத்தம் நின்றது. மனுஷர் என் முகத்தையும் அந்தச் சுவரையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார் என்பது அவர் சட்டைக் காலர் கழுத்தில் உரசுவதில் தெரிந்தது. "அவங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுங்களே" என்றார் மெதுவாக, யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பது மாதிரி. "நேராப் பாக்கறாங்க. நான் உள்ளார வந்ததுல இருந்து என்னையத்தான் பாத்துட்டு இருக்கறாங்க." அவர் ரெகுலேட்டரை மாட்டிப் பார்க்காமலேயே இறங்கிப் போய்விட்டார். காலி சிலிண்டர் படிக்குப் படி இடித்துக்கொண்டு இறங்குகிற சத்தம் கீழே போய்ச் சேரும்வரை நான் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன், அது முடிந்துவிட்டால் வீட்டுக்குள் திரும்ப வேண்டுமே என்று.

பார்க்கிறாள் என்றால் என்ன. பிறவியிலேயே இல்லாதவளிடம் கேட்டால் நான் என்ன சொல்வேன், இருட்டா தெரியுமா என்பார்கள், எனக்கு இருட்டும் தெரியாது. பார்வையற்றோர் பள்ளி விடுதியில் ஜெபமணி என்று ஒருத்தி இருந்தாள், அவளுக்கு ஒரு கண்ணில் கொஞ்சம் மிச்சமிருந்தது, அவள்தான் எங்களுக்கெல்லாம் அந்தப் பக்கத்துச் செய்தி. பாக்கறதுன்னா தொடாமயே தொடறதுடி, அவங்க தொட்டது உனக்குத் தெரியவே தெரியாது என்றாள். அன்றைக்கு ராத்திரி நாங்கள் நான்கைந்து பேர் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு படுத்தோம். பிறகு வளர வளர அந்தப் பயம் போய்விட்டது, எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டே இருக்கிற உலகம், யாரும் செத்துப்போகவில்லை. இன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டு ஹாலுக்குத் திரும்பியபோது அந்தப் போர்வை வேண்டும்போல் இருந்தது. இரண்டு மாதமாக நான் இந்த ஹாலில் தலை வாரியிருக்கிறேன், அழுதிருக்கிறேன், யாரும் இல்லை என்று நினைத்துத் துணி மாற்றியிருக்கிறேன். அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். என் மூக்கோடும் என் வாயோடும்.

கைபேசியை எடுத்தேன். பார்வையில்லாதவர்களுக்கு என்று ஒரு செயலி இருக்கிறது, கேமராவை நீட்டினால் எதிரே இருப்பதைச் சொல்லும், மருந்து அட்டை, பஸ் போர்டு என்று வெளியே எல்லாவற்றுக்கும் அதை நீட்டியிருக்கிறேன், என் சொந்தப் படத்துக்கு நீட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை, அம்மாதான் சொல்லிவிட்டாளே, நல்லா வந்திருக்குது என்று. நீட்டினேன். "சட்டமிட்ட புகைப்படம்" என்றது அந்தப் பெண்குரல், உணர்ச்சியே இல்லாத, செய்தி வாசிக்கிற குரல். "இளம்பெண். சிவப்புப் புடவை. கேமராவை நேராகப் பார்த்துப் புன்னகைக்கிறாள்." கை கொஞ்சம் நகர்ந்திருக்க வேண்டும், திரும்பவும் சொன்னது. "பெரிய பழுப்பு நிறக் கண்கள்." கைபேசியைத் திருப்பி என் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். இமைகளை எவ்வளவு முடியுமோ அவ்வளவு விரித்துக்கொண்டேன், வலித்தது. "ஒரு பெண்" என்றது. "கண்கள் மூடியுள்ளன." திறந்துதான் இருக்கிறது என்று அதனிடம் சத்தமாகவே சொன்னேன். ஆளில்லாத வீட்டில் என் குரல் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்தது. மறுபடி நீட்டினேன். "ஒரு பெண். முகம் தெளிவாக இல்லை."

அப்படியானால் அந்தக் காற்று. வங்கியில் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும்போது முகத்துக்கு முன்னால் சின்னதாக ஒரு காற்று வரும், ஒன்றிரண்டு மாதமாக அடிக்கடி, விசிறியை மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அது கை. பேசிக்கொண்டே கையை என் முகத்துக்கு முன்னால் ஆட்டிப் பார்த்திருக்கிறார்கள், பத்திரிகையில் பார்த்தவர்கள், கட்டுரையில் பார்வையில்லாதவர் என்று எழுதியிருக்கிறது, படத்தில் பார்க்கிறாள், எது நிஜம் என்று. ஒரு பெரியவர் பாஸ்புக்கை என் மேசையில் வைத்துவிட்டு எடுக்காமல் நின்றுகொண்டே இருந்தார், நான் அதைத் தேடிய நேரமெல்லாம் அவர் மூச்சு மேலே விழுந்துகொண்டிருந்தது, கடைசியில் "எல்லாம் தெரியுதாமே" என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் எதையோ சொல்கிறார், வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். பஸ்ஸில் ஒருநாள் யாரும் இடம் தராமல் நின்றேனே, அன்றைக்கு என் பக்கத்தில் இரண்டு பெண்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்களே, அவ தானே, அவ தான் என்று. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கப் பார்க்க இரண்டு மாதமும் பூரான் மாதிரி நெளிந்து திரும்பிப் படுத்தது. நான் நடமாடிய இடத்திலெல்லாம் எனக்கு முன்னாலேயே அவள் போய்ச் சேர்ந்திருக்கிறாள். யாருன்னே தெரியலை. அப்புறம் நான் போயிருக்கிறேன், அவளைப் போல நடிக்கத் தெரியாத ஒருத்தி, அல்லது என்னைப் போல நடிக்கிற அவள்.

இதில் ஒன்று இருக்கிறது. எட்டாம் வகுப்பிலிருந்து நான் கறுப்புக் கண்ணாடி போட்டவள். பார்க்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும் என்று அம்மா வாங்கித் தந்தது, பார்க்கிறவர்களுக்காக நான் மாட்டிக்கொள்ளும் ஒரு சின்னக் கதவு. படம் எடுத்த அன்று ஸ்டுடியோவில் அந்தப் பத்திரிகை ஆசிரியர் மேகனா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணாடி வேண்டாம் கோகிலவாணி, உங்க கண்ணு எப்படி இருக்கோ அப்படியே வேணும், அதுதான் இந்த இதழே" என்றார். விளக்குகளின் சூடு கன்னத்தில், தலையில் அடித்த ஸ்ப்ரேயின் மணம், பட்டின் கனம், கேமரா ஒவ்வொரு தடவையும் இமை கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் போடும். யாரும் எதையும் மூடச் சொல்லாத ஒரு மணி நேரம். பத்திரிகை வந்த அன்று கண்ணாடியைக் குப்பைக்கூடையில் போட்டேன். அன்றிலிருந்து என் முகத்தை அப்படியே எடுத்துக்கொண்டுதான் வங்கிக்குப் போகிறேன், பஸ் ஏறுகிறேன், கடைக்குப் போகிறேன். அந்தப் படத்தை நம்பித்தான் போனேன், ஊருக்கெல்லாம் என்னைக் காட்டிவிட்டார்கள், இனி மறைக்க என்ன இருக்கிறது என்று. ஊருக்குக் காட்டியது என்னை இல்லை.

மேகனாவைக் கூப்பிட்டேன். "கோகிலவாணி! எப்படி இருக்கீங்க, அந்த இஷ்யூவுக்கு இன்னும் மெயில் வந்துட்டே இருக்கு தெரியுமா" என்று ஆரம்பித்தார். என் கண்ணை மாத்தினீங்களா என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஏதோ சாலைச் சத்தம், ஒரு ஹாரன், ஜன்னலை ஏற்றிவிட்டார் போல, சத்தம் பஞ்சுக்குள் போனது. "மாத்தறதுன்னு இல்ல, கொஞ்சம் டச்சப், எல்லார் படத்துக்கும் பண்றதுதான்." "என் படம் பாக்குதாம் மேடம்." "எதிர்ப் பக்கத்துல ஒரு நகைக்கடை விளம்பரம் வந்துச்சு. முதல் பிரதியைப் பாத்துட்டு அவங்க ரொம்பத் தயங்கினாங்க. வாசகர்கள் பக்கத்தைச் சட்டுனு திருப்பிடுவாங்கன்னாங்க. உங்க கதையை எல்லாரும் நின்னு படிக்கணும்னுதான் நாங்க..." அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது, கெட்ட எண்ணமாக இருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு கிடைத்திருக்கும். "யாரோட கண்ணு அது?" "என்ன?" "வரைஞ்சதா, இல்ல யாரோடதாவதா?" "ஏதாவது ஒரு மாடலோட பழைய படத்துல இருந்து எடுத்திருப்பாங்க. டிசைன் டீம்ல பண்றது, எனக்குத் தெரியாது." "அவங்க உயிரோட இருக்காங்களா?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. கேட்டு முடித்த பிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு நாளாக எனக்குள் இருக்கிறது என்று தெரிந்தது. சின்ன வயதில் அம்மா என்னை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறாள், யாராவது செத்தா அவங்க கண்ணை வெப்பாங்களாம் சாமி, உனக்கும் வெச்சிருவாங்க என்பாள், எனக்காக எங்கேயோ ஒருத்தர் சாகக் காத்திருக்கிறோம் என்று நான் அப்போது புரிந்துகொண்டேன், பக்கத்துத் தெருவில் சாவு மேளம் கேட்டால் கண்ணைக் கையால் பொத்திக்கொள்வேன். எனக்கு அந்த வைத்தியம் ஆகாது என்று கடைசியில் எல்லா டாக்டர்களும் சொல்லிவிட்டார்கள். இப்போது படத்தில் ஆகியிருக்கிறது. "நான் டீம்ல கேட்டுட்டுக் கூப்பிடறேன் கோகிலவாணி" என்றார் மேகனா, ரொம்ப மென்மையாக, உடம்பு சரியில்லாதவளிடம் பேசுவது மாதிரி, வைத்துவிட்டார்.

வெயில் ஜன்னல் வழியாக முழங்காலில் விழுந்துகொண்டிருந்தது. அதிலிருந்து எழுந்து நிழலுக்குள் நடந்து சுவரைத் தொட்டேன், தேடி, சட்டத்தின் கீழ் விளிம்பு, பக்கவாட்டு விளிம்பு, மேல் விளிம்பு. மேலே விரலில் ஏதோ பட்டது, மெலிதாகக் காய்ந்து, தொட்டால் உதிர்வதாக. மல்லிகை. நார் இருந்தது, கட்டிய பூ, இரண்டு மூன்று நாள் பழசு. பூ வைத்த படம் என்றால் ஒன்று சாமி, இல்லாவிட்டால் செத்தவர்கள். கையை இழுத்துக்கொண்டேன், பூ ஒன்று உதிர்ந்து பாதத்தில் விழுந்தது, அதற்கே துள்ளினேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் எனக்கு அம்மா பூ வைத்துவிடுவாள், மிச்சத்தை அவள் வைத்துக்கொள்வாள் என்று இருந்தேன். மிச்சம் இங்கே வந்திருக்கிறது. பயத்தை மீறிக் கையைக் கண்ணாடி மேல் வைத்தேன், முகம் இருக்கும் உயரத்தில். என் முகத்தில் இடது கண் இருக்கும் இடம் ஒரு குழி, வலது கண் இமைக்குக் கீழே எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன உயிர். கண்ணாடி வழவழவென்று ஒரே சமமாக இருந்தது. இல்லை, ஒரு இடத்தில் இல்லை. அங்கே பிசுபிசுப்பு. விரலை முகர்ந்தேன், மஞ்சள், பூண்டு, தேங்காயெண்ணெய். அம்மாவின் கை. அந்த இடத்தை அவள் எத்தனை தடவை தொட்டிருந்தால் இப்படிப் படிந்திருக்கும்.

அப்போதுதான் போன வாரம் ஒரு காலையை நினைத்துக்கொண்டேன், நினைத்துக்கொள்ளாமல் இருந்திருக்கலாம். நான் குளித்துவிட்டுக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் தலை துவட்டிக்கொண்டிருக்கிறேன். ஹாலில் அம்மா யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருக்கிறாள், "சாப்டியா கண்ணு? என்ன பாக்கறே? அம்மாவுக்கு நேரமாச்சு கண்ணு." சின்னம்மா மகளோடு போனில் பேசுகிறாள் என்று நினைத்தேன். வெளியே வந்து யாரும்மா போன்ல என்று கேட்டேன், யாருமில்லையே என்றாள் அவசரமாக, அவள் கைபேசி அடுப்பங்கரையில் சார்ஜில் கிடந்து மணி அடித்தது. அவள் பேசியது போனில் இல்லை. கண்ணு என்று கூப்பிட அம்மாவுக்கு ஒருத்தி கிடைத்துவிட்டாள். சுவரோடு சரிந்து உட்கார்ந்தேன், படத்துக்கு நேர் கீழே, அங்கேதான் அவளுக்கு என்னைத் தெரியாது. அவள் இப்போது எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அல்லது கதவை. இரண்டு பேருமாக அம்மாவுக்குக் காத்திருந்தோம். நேரம் எவ்வளவு போனது என்று தெரியவில்லை. வெயில் இருந்த இடம் ஆறியது, எங்கேயோ குக்கர் கத்தியது, ஒரு தடவை மேலேயிருந்து யாரோ மூச்சு விட்டமாதிரி இருந்தது, அது என் மூச்சுதான், கண்ணாடியில் போய் வந்தது. என் மூச்சுதான் என்று பலமுறை சொல்லிக்கொண்டேன்.

சாவி திரும்பியது. கண்ணாடி வளையல் சத்தம், அம்மாவுக்கும் போட்டுவிட்டிருக்கிறார்கள், புளிச்சோறு மணம், வெயில் மணம். "வந்துட்டேன் கண்ணு" என்றாள் அம்மா. குரல் என் தலைக்கு மேலே போனது. "இங்க இருக்கேன்மா" என்றேன். பாத்திரம் ஒன்று தரையில் இடித்தது. "ஐயோ சாமி, கீழ என்ன பண்றே? பயந்தே போயிட்டேன். உடம்புக்கு என்ன?" "அவ யாரும்மா?" "யாரு?" "கேஸ்காரரு கேட்டாரு. தங்கச்சியான்னு." அம்மா பையை வைத்தாள், வளையல்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தள்ளினாள், அப்புறம் என் எதிரே தரையில் உட்கார்ந்தாள், முழங்கால் சொடுக்கியது. "புஸ்தகம் வந்த அன்னிக்கே பாத்துட்டேன்" என்றாள். "சொல்லலாம்னுதான் வந்தேன். நீ கண்ணாடியத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு, என்னமோ பாடிட்டு நின்னே. எப்புடிச் சொல்றது சாமி? வாயே வரலை." "சரி. சுவத்துல எதுக்கு மாட்டுனே?" "அவ என்னையப் பாக்கறா" என்றாள் கடைசியில். "பால் குடிக்கையில புள்ள ஆத்தாள நிமுந்து பாக்கும்பாங்க. உங்க பெரியம்மா மக, சின்னம்மா மக, எல்லாம் பாத்துச்சுங்க, நானே பாத்திருக்கேன். எனக்கு ஒருக்கா, ஒரே ஒருக்கா எப்புடி இருக்கும்னு... அது போட்டோதான், எனக்குத் தெரியாதா? ஆனா நான் எங்க நின்னாலும் பாக்கறா சாமி. சமையக்கட்டுல இருந்து வந்தாலும் பாக்கறா. ஒனக்குத் துரோகம் பண்றமாதிரிதான் இருக்குது. இருந்தாலும் கழட்ட மனசு வரலை."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை, வந்தது பொறாமை, பெற்ற தாயிடம் என் இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்துவிட்ட பொறாமை, அவளும் நான்தான் என்பதால் யாரிடமும் முறையிட வழியில்லாத ஒன்று. அம்மா கேட்காமலே அவள் கொடுத்ததை நான் இருபத்தெட்டு வருஷமாகக் கொடுக்க முடியவில்லை. அழுதுகொண்டிருந்தாள் அம்மா, சத்தமில்லாமல், மூக்கை உறிஞ்சுவதில் தெரிந்தது. எனக்கும் அழுகை வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அதற்குப் பதிலாக ஒரு கேள்வி வந்தது, அவ்வளவு சாதாரணமான கேள்வி, எப்படி இத்தனை வருஷம் கேட்காமல் இருந்தேன் என்று ஆச்சரியமாக இருந்தது. "அம்மா, என் கண்ணு எப்படி இருக்கும்?" "அழகாத்தான் இருப்பே சாமி." "அது இல்ல. கண்ணு. நீ சொன்னதே இல்லை. எப்படி இருக்கோ அப்படிச் சொல்லு." "எதுக்கு இப்ப?" "மத்தவங்க எல்லாரும் பாத்துட்டாங்க. எனக்கு மட்டும்தான் தெரியாது."

அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எடது கண்ணு சின்னது" என்று ஆரம்பித்தாள், "கொஞ்சம் உள்ள போயிருக்கும், இமை பாதி மூடித்தான்..." நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், ஏதோ சரியில்லை. வார்த்தைகள் என்னைப் பற்றி, ஆனால் அவை என் நெற்றிக்கு மேலே போய்க்கொண்டிருந்தன, கண்ணாடியில் பட்டு மேலேயிருந்து எனக்கு வந்தன. என்னைச் சொல்லும்போதும் அம்மா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சுவரைப் பிடித்து எழுந்தேன். படத்தைக் கழற்றவில்லை, அதற்குக் கை வரவில்லை, கழற்றினால் அம்மாவிடமிருந்து எதைப் பிடுங்குகிறேன் என்று தெரிந்துவிட்டது. முதுகைச் சுவரில் சாய்த்து, என் தலை அந்தக் கண்ணாடியில் முட்டும்வரை பின்னால் நகர்ந்து, அவளை முழுசாக மறைத்துக்கொண்டு நின்றேன். பின்மண்டையில் கண்ணாடி சில்லென்று இருந்தது. காய்ந்த மல்லிகை ஒன்று தோளில் உதிர்ந்தது. அங்கிருந்து அவளுக்கு என் தலைமுடி மட்டும்தான் தெரியும். "இப்பச் சொல்லும்மா" என்றேன்.

எதிரே வளையல்கூட அசையவில்லை. அம்மா எழுந்து கிட்டே வந்தாள், அவள் மூச்சு முதலில் என் கழுத்தில், பிறகு மோவாயில், பிறகு கன்னத்தில் பட்டு, அங்கிருந்து மெல்ல ஏறி வந்தது. தயங்கியது. கொஞ்சம் பின்வாங்கியது, அதையும் கேட்டேன், திரும்ப வந்தது. நான் இமைகளை எவ்வளவு முடியுமோ அவ்வளவு விரித்து வைத்துக்கொண்டிருந்தேன். "வலது கண்ணு வெள்ளையா இருக்குது" என்றாள் அம்மா, அந்தக் குரல் நேராக என் முகத்தில் விழுந்தது, சூடாக. "நிக்காம ஆடுது. பயமா..." நிறுத்திக்கொண்டாள். "சொல்லு" என்றேன். "பயமா இருக்குது சாமி" என்றாள், "இத்தன வருஷமா நான் சரியாப் பாக்கவே இல்லை போல." "பரவால்ல. பாரு" என்றேன். அவள் பார்த்தாள்.